உயர் குருதியமுக்கமும் மருந்தகப் பணியாளரின் பங்கும்

தொற்றா நோய்கள் பற்றிய அலகைக் கற்கும் மாணவர் பலர் உயர் குருதியமுக்கத்தின் காரணங்களையும் விளைவுகளையும் நன்கு மனனஞ் செய்து எழுதுகின்றனர். ஆயினும் “நோயாளி ஒருவர் தமது குருதியமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உதவுவோர் யாவர்?” என்று வினவினால் வைத்தியர், தாதியர் என்பதோடு விடை நின்றுவிடுகின்றது. மருந்தகப் பணியாளரை எழுதுவோர் மிகச் சிலரே. வைத்தியர் எழுதிய மருந்து நோயாளியின் வீட்டுக்குப் போகுமுன் இறுதியாக நிற்கும் இடம் மருந்தகம் ஆகும். அங்கு நடைபெறும் பணி யாது, அது ஏன் முக்கியமானது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. குருதியமுக்கம் என்றால் என்ன?

இதயம் சுருங்கிக் குருதியை வெளித்தள்ளும்போது நாடிகளின் சுவரில் ஏற்படும் அமுக்கம் சுருங்கல் அமுக்கம் எனப்படும். இதயம் தளரும்போது நாடிகளில் எஞ்சியிருக்கும் அமுக்கம் தளர்தல் அமுக்கம் எனப்படும். இவ்விரண்டும் 120/80 மி.மீ. இரசம் என்றவாறு எழுதப்படும். மேலே உள்ளது சுருங்கல் அமுக்கம், கீழே உள்ளது தளர்தல் அமுக்கம் ஆகும்.

கையில் பட்டி கட்டிக் குருதியமுக்கத்தை அளக்கும் முறையை 1896 இல் இத்தாலிய வைத்தியரான ரிவா ரொச்சி அறிமுகஞ் செய்தார். செவிகாட்டி மூலம் நாடியின் ஒலியைக் கேட்டு இரு அளவுகளையும் அறியும் முறையை 1905 இல் ரஷ்ய வைத்தியரான கொரொட்கோவ் வெளியிட்டார்.

வெவ்வேறு நாட்களில் அளந்தபோதும் 140/90 அல்லது அதற்கு மேல் காணப்படின் அது உயர் குருதியமுக்கம் எனக் கொள்ளப்படும். சுருங்கல் அமுக்கம் 140 அல்லது அதற்கு மேல், அல்லது தளர்தல் அமுக்கம் 90 அல்லது அதற்கு மேல் என்பதை நினைவிற் கொள்க. இரண்டும் ஒருங்கே கூடியிருக்க வேண்டும் என்பதில்லை.

2. நோயாளிக்குத் தெரியாத நோய்

காய்ச்சல் வந்தால் உடல் சுடும். பல்வலி வந்தால் உறக்கம் வராது. உயர் குருதியமுக்கம் அவ்வாறானதன்று. பெரும்பாலானோருக்கு எவ்வித அறிகுறியும் இருக்காது. உலக சுகாதார தாபனம் 2021 இல் வெளியிட்ட கணிப்பின்படி 30 முதல் 79 வயது வரையானோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு உயர் குருதியமுக்கம் உண்டு. அவர்களுள் கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது.

அறிகுறி இல்லாவிடினும் பாதிப்பு நிகழ்ந்துகொண்டே இருக்கும். இடைவிடாத அமுக்கத்தினால் நாடிகளின் சுவர் தடித்து விறைப்படையும். இதயத் தசை கூடுதலாக உழைத்துத் தடிப்பாகும். காலப்போக்கில் பாரிசவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, விழித்திரைப் பாதிப்பு என்பன ஏற்படலாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விடயம் விளங்கும. குளிசை எடுத்தாலும் சுகம் கூடியதாக நோயாளிக்குத் தெரியாது, எடுக்காவிட்டாலும் சுகம் குறைந்ததாகத் தெரியாது. ஆகவே “எனக்கு இப்போது ஒன்றும் இல்லை” என்று எண்ணிப் பலர் குளிசையை நிறுத்திவிடுகின்றனர். நோயாளி வைத்தியரைக் காண்பது மாதத்தில் ஒரு நாள், அதுவும் சில நிமிடங்கள். எஞ்சிய நாட்களில் குளிசையை எடுப்பதும் விடுவதும் வீட்டில்தான் நடைபெறுகின்றது. கிளினிக்குக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியை நிரப்புபவரே மருந்தகப் பணியாளர் ஆவார்.

3. மருந்தகப் பணியாளர் யாவர்?

மருந்தகத்தில் மருந்து தருவோர் அனைவரும் மருந்தாளர் அல்லர். மருந்தாளர் என்பவர் உரிய பயிற்சி பெற்று இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்யப்பட்டவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உட்படச் சில பல்கலைக்கழகங்களில் மருந்தகவியல் பட்டக் கற்கைநெறியும் உண்டு. அவருக்குத் துணையாக உதவியாளர்கள் பணியாற்றுவர். உதவியாளர் மருந்தை எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் சிட்டையைச் சரிபார்த்து, ஐயமிருப்பின் வைத்தியரிடம் வினவி, நோயாளிக்கு விளக்கமளிக்கும் பொறுப்பு மருந்தாளருடையது.

நமது நாட்டில் மருந்து வழங்கும் நிலையங்கள் மூவகைப்படும்.
(அ) அரச வைத்தியசாலைகளின் மருந்து வழங்கும் பகுதி. இங்கு மருந்து இலவசம்.
(ஆ) அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்தகங்கள்.
(இ) தனியார் மருந்தகங்கள்.

4. மருந்தகப் பணியாளர் செய்யும் உதவிகள்

4.1 மருந்துச் சிட்டையைச் சரிபார்த்தல்

ஒரே மருந்து பல கம்பனிகளால் பல வர்த்தகப் பெயர்களில் விற்கப்படுகின்றது. மருந்தின் உண்மையான பெயர் பொதுப்பெயர் எனப்படும். மருந்துகளைப் பொதுப்பெயரில் வாங்கி வழங்க வேண்டும் என்று பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக அவரே முன்னின்றார். இன்று நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவது 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஆகும்.

பொதுப்பெயர் ஏன் முக்கியம்? ஓர் உதாரணத்தை நோக்குவோம். ஒருவருக்கு அரச கிளினிக்கில் லொசாட்டன் கொடுக்கப்படுகின்றது. இடையில் அவர் தனியார் வைத்தியர் ஒருவரிடம் செல்கின்றார். கிளினிக் கொப்பியைக் காட்டவில்லை. அவ்வைத்தியரும் லொசாட்டனையே வேறு வர்த்தகப் பெயரில் எழுதுகின்றார். நோயாளி இரண்டையும் வெவ்வேறு மருந்தென எண்ணி எடுப்பாராயின் அளவு இரட்டிப்பாகிக் குருதியமுக்கம் மிகவும் தாழ்ந்து, தலைசுற்றி விழ நேரிடலாம். முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். இரு சிட்டைகளையும் ஒன்றாகப் பார்க்கும் மருந்தாளர் இத்தவற்றை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. 2022 இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நோயாளர் கிடைத்த கம்பனியின் மருந்தை வாங்க வேண்டியவராயினர். குளிசையின் நிறமும் வடிவமும் மாறினால் “இது என்னுடைய குளிசை இல்லை” என்று சிலர் எடுக்காமல் விட்டுவிடுவர். “நிறம்தான் வேறு, மருந்து அதே மருந்து” என்று மருந்தகத்தில் சொல்லும் ஒரு வசனம் அந்நோயாளியின் சிகிச்சை தடைப்படாமல் காக்கும்.

4.2 எடுக்கும் முறையை விளக்குதல்

மருந்து உறையில் எழுதுவது மட்டும் போதாது. வாயாலும் சொல்ல வேண்டும். வைத்தியரின் சிட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழில் விளக்கமளிக்கப்படுவது நமது முதியோருக்கு மிகவும் அவசியம். விளக்கப்பட வேண்டியவற்றுட் சில வருமாறு:

• சிறுநீரை அதிகரிக்கச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற குளிசைகளைக் காலையில் எடுப்பது நல்லது. இரவில் எடுத்தால் உறக்கம் கெடும்.
• மெதுவாகக் கரையும்படி தயாரிக்கப்பட்ட குளிசைகளைப் பொடியாக்கவோ சப்பவோ கூடாது. அவ்வாறு செய்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலிற் சேர்ந்துவிடும்.
• அற்றெனலோல் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது. இதய நோயுள்ளோருக்கு இது ஆபத்தானது.
• பிறசோசின் மருந்தின் முதலாவது குளிசையை எடுத்தபின் எழுந்து நிற்கும்போது மயக்கம் வரலாம். ஆகவே அதைப் படுக்கைக்குச் செல்லும்போது எடுக்குமாறு கூறப்படும்.
• ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளைக் குளிசைகளை ஒன்றாக எடுக்கக் கூடாது.

4.3 குளிசை ஒழுங்காக எடுக்கப்படுகின்றதா என அறிதல்

“ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் “ஓம்” என்றே சொல்வர். “கடந்த கிழமை எத்தனை நாள் விடுபட்டது?” என்று கேட்டால் உண்மை வெளிவரும். மீதிக் குளிசைகளை எண்ணிப் பார்ப்பது இன்னொரு வழி. உதாரணமாக, நாளொன்றுக்கு ஒன்று வீதம் 30 குளிசைகள் பெற்ற ஒருவரிடம் 28 நாட்களின் பின் 14 குளிசைகள் மீதியிருப்பின் அவர் எடுத்தது 16 குளிசைகளே. 12 நாட்கள் விடுபட்டுள்ளன. இது தெரியாத வைத்தியர், அமுக்கம் குறையவில்லை என்று மருந்தின் அளவைக் கூட்டக்கூடும்.

பின்வரும் உரையாடலை வாசிக்க. இது நாட்டின் எந்த மருந்தகத்திலும் நடைபெறக்கூடிய ஒன்றாகும்.

மருந்தாளர்: அம்மா, போன மாதக் குளிசை எல்லாம் முடிஞ்சுதோ?
மூதாட்டி: இல்லைத் தம்பி, கனக்கக் கிடக்குது. தலையிடி வந்தால் மட்டும்தான் போடுறனான்.
மருந்தாளர்: இது தலையிடிக் குளிசை இல்லை அம்மா. தலையிடி இல்லாத நாளிலயும் பிறசர் கூடியிருக்கும். ஒவ்வொரு நாளும் போட வேணும். போடுறதுக்கு ஏதும் கரைச்சல் இருக்கோ?
மூதாட்டி: அது போட்டால் பின்னேரத்தில கால் வீங்குது தம்பி. பயத்தில விட்டிட்டன்.
மருந்தாளர்: டொக்டரிட்டச் சொன்னீங்களோ?
மூதாட்டி: அங்க சனம் கூட. எங்க சொல்லுறது?
மருந்தாளர்: அம்லொடிபின் எடுக்கிற சிலருக்கு அப்பிடி வாறதுதான். நான் கொப்பியில எழுதி விடுறன். நீங்களா நிப்பாட்ட வேண்டாம். நாளைக்கே டொக்டரிட்டக் காட்டுங்கோ, வேற மருந்து மாத்தித் தருவார்.

இங்கு மூதாட்டி முதலிற் சொன்ன காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு என்பதைக் கவனிக்க. “ஏதும் கரைச்சல் இருக்கோ?” என்ற இரண்டாவது வினாவே உண்மையை வெளிக்கொணர்ந்தது. மருந்தாளர் ஏசவுமில்லை, தாமாக மருந்தை மாற்றவுமில்லை. காரணத்தை அறிந்து வைத்தியருக்குத் தெரியப்படுத்தினார்.

கால் வீக்கம் போன்றே எனலாபிரில் எடுக்கும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். இதைத் தடிமன் என எண்ணி இருமற் பாணி வாங்க மருந்தகத்துக்கு வருவர். “வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள்?” என்று கேட்கும் மருந்தாளர் இருமலின் காரணத்தைக் கண்டறிந்து அவரை வைத்தியரிடம் அனுப்புவார்.

4.4 ஒவ்வாத மருந்துகளைத் தவிர்க்கச் செய்தல்

சிட்டையின்றி நாம் வாங்கும் சில பொருட்கள் குருதியமுக்கத்தைக் கூட்டும்.

• டைக்லோபெனக், ஐபுப்ரோபன் போன்ற நோவுக் குளிசைகள். இவை குருதியமுக்கத்தைக் கூட்டுவதோடு, அமுக்கத்தைக் குறைக்கும் மருந்துகள் சிலவற்றின் பயனையும் குறைக்கும். சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். முழங்கால் நோவுக்காக இவற்றைத் தொடர்ந்து எடுக்கும் முதியோர் நம் ஊர்களில் பலர்.
• மூக்கடைப்பைப் போக்கும் சில தடிமன் குளிசைகள்.
• நீரில் இட்டதும் நுரைத்துக் கரையும் குளிசைகள். இவற்றிற் பலவற்றில் சோடியம் அதிகம்.
• அதிமதுரம். நாட்டு மருந்தாயினும் இதை அதிகமாகவும் தொடர்ந்தும் எடுத்தால் குருதியமுக்கம் கூடும். குருதியில் பொற்றாசியம் குறையும்.

நோய் நிலைகளும் கவனிக்கப்பட வேண்டும். தொய்வு நோயுள்ளவருக்கு அற்றெனலோல் மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். கர்ப்பிணித் தாய்மார் எனலாபிரில், லொசாட்டன் ஆகியவற்றை எடுக்கக் கூடாது; இவை சிசுவைப் பாதிக்கும். ஆகவே இம்மருந்தை எடுக்கும் பெண் ஒருவர் கர்ப்பமுற்றதாக அறிந்தால் உடனே வைத்தியரை நாடுமாறு மருந்தாளர் கூறுவார்.

4.5 குருதியமுக்கத்தை அளத்தல்

மருந்தகங்கள் பலவற்றில் குருதியமுக்கம் அளக்கும் வசதி உண்டு. வீட்டில் அளப்பதற்கான கருவியை வாங்குவோருக்கு அதைப் பாவிக்கும் முறையையும் காட்டிக் கொடுப்பர். சரியான முறை வருமாறு:

1. அளப்பதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குத் தேநீர், கோப்பி, புகைத்தல் என்பவற்றைத் தவிர்த்தல்.
2. சிறுநீர் கழித்த பின் 5 நிமிடம் அமைதியாக இருத்தல்.
3. முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் வைத்து, காலுக்கு மேல் கால் போடாது இருத்தல்.
4. கையை இதய மட்டத்தில் மேசைமீது வைத்து, கையின் பருமனுக்கேற்ற பட்டியைச் சட்டைக்கு மேலன்றித் தோலின்மீது கட்டுதல்.
5. அளக்கும்போது கதையாதிருத்தல்.
6. ஓரிரு நிமிட இடைவெளியில் இரு தடவை அளந்து திகதியுடன் குறித்து வைத்தல்.

பஸ்ஸால் இறங்கி ஓடிவந்தவுடன் அளந்தால் அமுக்கம் கூடுதலாகவே காட்டும். அந்த ஓர் அளவைக் கொண்டு நோய் என்று முடிவு செய்வது தவறாகும்.

4.6 வாழ்க்கை முறை பற்றி அறிவுரை கூறல்

நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார தாபனத்தின் பரிந்துரை. இது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி ஆகும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர், பைக்கற் நூடில்ஸ், பாண் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். புகைத்தலையும் மதுவையும் தவிர்த்தல், உடல் நிறையைப் பேணல், நாளாந்தம் நடத்தல் என்பன ஏனைய அறிவுரைகளாகும்.

5. மருந்தாளர் செய்யக் கூடாதவை

இலங்கையில் குருதியமுக்க மருந்தை விதிப்பதும் மாற்றுவதும் வைத்தியரின் பணி. பழைய மருந்து மட்டையைக் காட்டி மாதக்கணக்கில் மருந்து வாங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. இது தவறானது. சிறுநீரகத்தின் நிலை, பொற்றாசியத்தின் அளவு என்பன இடையிடையே பரிசோதிக்கப்பட வேண்டும். சிட்டையைக் கேட்கும் மருந்தாளர் வியாபாரத்துக்குத் தடை போடவில்லை, நோயாளியைக் காக்கின்றார்.

குருதியமுக்கம் 180/120 அல்லது அதற்கு மேல் இருந்து, நெஞ்சு நோவு, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் இயங்காமை, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்பவற்றுள் ஒன்றேனும் காணப்படின் அது அவசர நிலையாகும். அளவைப் பார்க்காவிடினும் இவ்வறிகுறிகள் தோன்றினால் தாமதிக்கக் கூடாது. மருந்தகத்தில் நின்று மருந்து கேட்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய நோயாளர் காவு வண்டியின் உதவியை உடனே பெற வேண்டும்.

6. பிற நாடுகளிலிருந்து இரு உதாரணங்கள்

மருந்தாளரின் பங்கு உண்மையிலேயே பயன் தருமா என்பதற்குப் பிற நாடுகளின் அனுபவம் சான்றாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 52 சலூன்களுக்கு வழமையாகச் செல்லும் 319 கறுப்பின ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2018 இல் வெளியிடப்பட்டது. இவர்கள் அனைவருக்கும் சுருங்கல் அமுக்கம் 140 அல்லது அதற்கு மேல் இருந்தது. ஒரு பிரிவினரை மருந்தாளர் சலூனிலேயே சந்தித்து, வைத்தியருடனான உடன்பாட்டின்படி மருந்து வழங்கி, தொடர்ந்து கவனித்தனர். மற்றைய பிரிவினருக்குச் சலூன்காரர் அறிவுரை கூறி, வைத்தியரிடம் செல்லுமாறு தூண்டினர். ஆறு மாதங்களின் பின் முதற் பிரிவினரின் சுருங்கல் அமுக்கம் சராசரியாக 27 மி.மீ. இரசத்தால் குறைந்தது. மற்றைய பிரிவில் அது ஏறத்தாழ 9 மட்டுமே. அறிவுரையோடு நின்றுவிடாமல் தொடர்ந்து கவனிக்க ஒருவர் இருந்தமையே இவ்வேறுபாட்டின் காரணம் எனலாம்.

இங்கிலாந்தில் 2021 ஒக்டோபர் முதல், நோய் கண்டறியப்படாத 40 வயதும் அதற்கு மேற்பட்டோரும் தம் ஊர் மருந்தகத்திலேயே இலவசமாகக் குருதியமுக்கத்தை அளந்துகொள்ளும் சேவை நடைபெறுகின்றது. வைத்தியரிடம் செல்ல நேரமில்லாதவரும் மருந்தகத்தைக் கடந்துதான் செல்கின்றார் என்பதே இதன் அடிப்படை.

7. மாணவர் செய்யக்கூடியவை

மாணவர்களே, அம்மம்மாவின் மருந்தை எடுத்துவர மருந்தகத்துக்கு அனுப்பப்படுபவர் பல வீடுகளில் நீங்களே. ஆகவே இப்பாடம் பரீட்சைக்கு மட்டுமன்று.

• செல்லும்போது கிளினிக் கொப்பியையும் எல்லாச் சிட்டைகளையும் கொண்டு செல்க.
• மருந்தின் பொதுப்பெயரையும் எடுக்கும் நேரத்தையும் கேட்டு, உறையில் தமிழில் எழுதிக்கொள்க.
• குளிசையின் நிறம் மாறியிருந்தால் ஏன் எனக் கேட்க.
• கிழமைக்கு ஒரு முறை மீதிக் குளிசைகளை எண்ணுக.
• விடுபட்டிருந்தால் ஏசாமல் காரணத்தைக் கேட்க.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: “உயர் குருதியமுக்கமுள்ள ஒருவர் சுகமாக இருப்பதாக உணர்ந்து குளிசையை நிறுத்திவிட்டார்.”
(அ) இச்செயல் ஏன் தவறானது?
(ஆ) இவருக்கு மருந்தகப் பணியாளர் உதவக்கூடிய இரு வழிகளை விளக்குக.

விடை:
(அ) உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் அறிகுறியற்றது. குளிசையை நிறுத்தியதும் அமுக்கம் மீண்டும் கூடும். அதனை நோயாளி உணராதிருக்கும்போதே இதயம், மூளை, சிறுநீரகம் என்பன பாதிப்படையும்.
(ஆ) 1. மீதிக் குளிசைகளைக் கேட்டறிந்து, நிறுத்தியதன் உண்மையான காரணத்தை வினவி, பக்கவிளைவு இருப்பின் வைத்தியரிடம் அனுப்புதல். 2. குருதியமுக்கத்தைச் சரியான முறையில் அளந்து காட்டி, சுகமாக உணர்வதும் அமுக்கம் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை விளக்குதல்.

குறிப்பு: “அறிவுரை கூறுவார்” என்று மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடையாது. எதைப் பற்றி, எவ்வாறு, எதற்காக என்பவற்றையும் சேர்த்து எழுதுக.